ஸ்டெம்செல் மாற்றும் குடல் நுண்ணுயிரிகளும்: ஒரு சிகிச்சைக் கருத்தின் வரலாறு

எலும்பு மஜ்ஜை (ஸ்டெம்செல்) மாற்றுச் சிகிச்சையை வளர்த்தெடுத்தமைக்காக டோனல் தாமஸ் 1990இல் நோபல் பரிசு பெற்றார். அச்சிகிச்சையை இன்றுவரை விடாமல் துரத்தும் சிக்கல் ஜி.வி.எச்.டி. கொடையாளரின் நோயெதிர்ப்பு அணுக்கள், தாம் குடிபுகுந்த உடலையே அயலாகக் கருதித் தாக்கும் நோய் இது. தோல், கல்லீரல், குடல் ஆகியவை அதன் முதன்மை இலக்குகள்; உயிரைப் பறிப்பதில் குடல் பாதிப்பே முன்னிற்கிறது. இதில் குடல் நுண்ணுயிரிகளின் பங்கு குறித்த பார்வை, அரை நூற்றாண்டில் ஏறத்தாழத் தலைகீழாக மாறியிருக்கிறது.

தொடக்கம் எலிகளில். நுண்ணுயிரிகளே அண்டாத சூழலில் வளர்த்த எலிகளுக்கு மஜ்ஜை மாற்றினால் இந்நோயால் நேரும் இறப்பு குறைகிறது என ஜோன்ஸ் குழுவினர் 1971இல் கண்டனர். நெதர்லாந்தின் ரைஸ்வைக்கில் வான் பெக்கும் குழுவினர் 1974இல் அதை வேறு வழியில் உறுதிசெய்தனர். காரணம் பின்னர் தெளிந்தது. மாற்றுக்கு முன் தரும் கதிர்வீச்சும் மருந்துகளும் குடற்சுவரைச் சிதைக்கின்றன. அங்கே கசியும் பாக்டீரியக் கூறுகள் அழற்சியைத் தூண்ட, கொடையாளரின் டி அணுக்கள் வெறிகொள்கின்றன. குடலைத் துடைத்தெடுத்துவிட்டால் தீர்ந்தது என்று மருத்துவர்கள் எண்ணியது இயல்பே. வடிகட்டிய காற்று பாயும் தனியறைகளும், குடலில் மட்டும் வேலைசெய்யும் ஆன்டிபயாடிக்குகளும் நடைமுறைக்கு வந்தன. மஜ்ஜை செயலிழக்கும் அப்லாஸ்டிக் அனீமியா நோயாளிகளுக்கு இத்தகைய பாதுகாப்பு பயன்தருகிறது என்று சியாட்டிலின் ஸ்டோர்ப் குழு 1983இல் எழுதியது. ஆனால் எலிக்கூண்டில் முடிந்தது மனிதரில் முழுமையாக முடியவில்லை. வாயில் வைக்க முடியாத சுவைகொண்ட அம்மருந்துகளைப் பலரால் தொடர்ந்து விழுங்கவே இயலவில்லை. அரைகுறையாகத் துடைத்த குடலில் எஞ்சியவை எவை என்று அறியும் கருவியும் அன்று இல்லை.

மரபணு வரிசை வாசிப்பு அந்தக் குறையைத் தீர்த்தது. 2012இல் நியூயார்க்கின் ஜெங்க், வான் டென் பிரிங்க் குழு, எலிகளில் லாக்டோபேசில்லஸை அழித்தால் நோய் முற்றுகிறது, திருப்பித் தந்தால் தணிகிறது என்று காட்டியது. 2014இல் தௌர் குழு 80 நோயாளிகளை ஆராய்ந்தது. குடல் நுண்ணுயிர்ப் பன்மை மிகுந்தோரில் மூன்றாண்டு கடந்து வாழ்ந்தோர் 67 விழுக்காடு. பன்மை குன்றியோரில் 36. நியூயார்க், டர்ஹம், ரெகன்ஸ்பர்க், சப்போரோ ஆகிய நான்கு நகரங்களின் 1,362 நோயாளிகளிடம் 2020இல் இதே போக்கு உறுதியானது. (நான்கில் ஒன்றுகூடத் தெற்காசியாவில் இல்லை, நம் உணவுக்கும் நம் மருத்துவமனைக் கிருமிகளுக்கும் இம்முடிவு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது.) பியூட்டிரேட் என்ற, நார்ச்சத்தை நொதிக்கச் செய்து பாக்டீரியாக்கள் தரும் கொழுப்பமிலம் குடற்சுவர் அணுக்களைக் காக்கிறது என்பதை 2016இல் மிச்சிகனின் பவன் ரெட்டி குழு எலிகளில் விளக்கியது. ஆக, பழைய ஆய்வுகள் பொய்யில்லை. நுண்ணுயிரிகள் உண்டா இல்லையா என்று அவை கேட்டன. எவை உண்டு என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இதன்மேல் எழுந்த சிகிச்சைகளின் கதை அவ்வளவு சீரானதன்று. ஸ்டீராய்டுக்கு அடங்காத அல்லது அதை விட முடியாத குடல் ஜி.வி.எச்.டி. கொண்ட நால்வருக்கு ஜப்பானின் ககிஹானா குழு மலமாற்று, அதாவது நலமான கொடையாளரின் மல நுண்ணுயிரிகளைக் குடலில் சேர்க்கும் சிகிச்சை, செய்தது. 2016இல் வெளியான முடிவுகள் நம்பிக்கை தந்தன. 2019இல் அமெரிக்காவில், கொடையாளர் மலத்தின்வழி மருந்துக்கு மசியாத ஈ. கோலை தொற்றி, ஸ்டெம்செல் மாற்றுச் சிகிச்சை பெற்ற ஒருவர் இறந்தார். அதன்பின் கொடையாளர் சோதனைகள் கடுமையாயின. 2023இல் ரஷிதி குழுவின் சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வில் மலமாற்று நோய்த்தொற்றுகளைக் குறைக்கவில்லை. பிரான்சின் மாட் ஃபார்மா நிறுவனம் பல கொடையாளர் மலத்தைக் கலந்து தயாரித்த மருந்தை 66 பேருக்குத் தந்து, 62 விழுக்காட்டினரில் குடல் பாதிப்பு தணிந்ததாக 2025இல் அறிவித்தது. மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிகளில் இது பெரிய எண். ஆனால் அந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை.

என் கணிப்பில், தொடர்பைக் காட்டும் சான்று வலுவானது. சிகிச்சைக்கான சான்று இன்னும் மெலிந்தது. உடனே செயல்படுத்தத் தக்கது புதிய மருந்தன்று, ஆன்டிபயாடிக் தேர்வு. 2016இல் ஷோனோ குழு 857 நோயாளிகளின் பதிவுகளில் இமிபெனமும் பிப்பரசிலின்-டாசோபாக்டமும் ஜி.வி.எச்.டி. இறப்போடு கூடுதலாகத் தொடர்புற்றிருக்கக் கண்டது. செஃபிபைமிலும் அஸ்ட்ரியோனமிலும் அத்தொடர்பு காணப்படவில்லை. வெள்ளணு குன்றியவரின் காய்ச்சலுக்கு மருந்தைத் தள்ளிப்போட முடியாது. நோய்த்தொற்றின் தன்மை இடந்தரும்போது எந்த மருந்து என்பதை மட்டும் தேர்ந்துகொள்ளலாம்.