மிதிபட்டும் மங்காத தரை



தோலின் தரத்தைப் பற்றி ஆம்பூர் மக்களுக்குப் பாடம் சொல்லத் தேவையில்லை. மேலே பூசிய சாயம் உராய்ந்தால் உரிந்துபோகும். உள்ளே ஊறிய சாயம் தோல் தேயுமட்டும் நிலைக்கும். காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியின் தரைக்கற்களும் இதே உண்மையைச் சொல்லுகின்றன.

அக்கற்களுக்குச் சூளை இல்லை. கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமென்ட் குழம்பைக் கையால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்தபின், மணலும் சிமென்டும் கலந்த உலர்கலவையைத் தூவி, அதன்மேல் சாந்தை இட்டு நிரப்புகிறார்கள். பின்பு பல நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கிறார்கள். நெருப்பன்று, நீரும் பொறுமையுமே அவற்றை இறுகச் செய்கின்றன. வண்ணம் மேற்பூச்சாக இராமல் கல்லோடு கல்லாக உள்ளிறங்கியிருப்பதால், மேற்பரப்பு சற்றே தேய்ந்தாலும் அடியில் அதே பூ தெரிகிறது. நடக்க நடக்கப் பளபளப்பு கூடுகிறது. அமிலம் ஊற்றிக் கழுவினால் மட்டும் அந்த முகம் அரிக்கப்பட்டுவிடும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய செல்வத்தால் செட்டிநாட்டில் மாளிகைகள் எழுந்தன. பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கப்பலேறி வந்தன. உள்ளூர் மணலால் செய்த கல்லோ பக்கத்து ஊரிலிருந்தே வந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபோது அங்கிருந்த நிலமும் தொழிலும் கைவிட்டுப் போயின. ஊரிலே பல வீடுகள் பூட்டப்பட்டன. சில வீடுகளின் தேக்குத் தூண்கள் பெயர்க்கப்பட்டுக் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விலைபோயின. தூண் போன பின்னும், மூன்று நான்கு தலைமுறைகள் மிதித்த தரைகள் எத்தனையோ வீடுகளில் நிறம் மாறாமல் கிடக்கின்றன.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டின் பழைய தரையைப் பெயர்த்தெறியுமுன் ஒருமுறை நன்றாகக் கழுவிப் பாருங்கள். உங்கள் பாட்டனார் கூலியில் மிச்சம்பிடித்துப் பதித்த கல்லாக அது இருக்கலாம்; அழுக்குக்கு அடியில் அதன் நிறம் இன்னும் உயிரோடிருக்கக்கூடும்.

அப்படியே நம் விசுவாசத்தையும் சோதித்துப் பார்ப்போம். அது ஞாயிற்றுக்கிழமைப் பூச்சா, உள்ளே ஊறிய வண்ணமா? தொழிற்சாலை மூடப்படும் நாளிலும், கடன்காரர் வாசலில் நிற்கும் நாளிலும் அது தெரிந்துவிடும். மிதிபடும் நாட்களே நம்மை மெருகேற்றும் நாட்களாகும்படி கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.