தோட்டத்து வீடுகளில் விடிய விடிய ஆடிய பழைய கேம்கள்: மறக்க முடியாத ஆறு

சிரம்பான் - பள்ளி விடுமுறை விட்டால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இரண்டே இடங்கள்தாம். ஒன்று காற்பந்துத் திடல். மற்றொன்று, பிளேஸ்டேஷன் வைத்திருக்கும் அண்ணன் வீடு. லாபு, ரந்தாவ், பகாவ் பக்கம் 1990-களின் இறுதியிலும் 2000-களிலும் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

கார்ப் பந்தயமும் குத்துச்சண்டையும் கூட்டமாக ஆடுபவை. ஆனால், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ஒருவர் மட்டும் உட்கார்ந்து வாரக்கணக்கில் ஆடிய கேம்கள் உண்டு. அவைதாம் 'ரோல் பிளேயிங் கேம்' எனப்படும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகள்.

எப்படித் தொடங்கியது?

நாமே ஒரு பாத்திரமாகிக் கதைக்குள் நடப்பதுதான் இதன் அடிப்படை. சண்டையில் வென்றால் அனுபவப் புள்ளி கிடைக்கும். புள்ளி சேர்ந்தால் 'லெவல்' ஏறும். கைவேகத்தைவிடப் பொறுமையும் வாசிப்பும் அதிகம் தேவை.

1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற, தாளும் பகடையும் கொண்டு ஆடும் விளையாட்டே இதற்கு வேர். 1981-இல் வந்த 'அல்டிமா', 'விசார்ட்ரி' ஆகியவை கணினியில் இதைப் பிரபலமாக்கின.

1. டிராகன் குவெஸ்ட் (1986)

ஜப்பானில் யூஜி ஹோரி உருவாக்கியது. 'டிராகன் பால்' ஓவியர் அகிரா தோரியாமா இதற்குப் படம் வரைந்தார். கிராமத்துக்குப் போ, ஊராரிடம் பேசு, ஆயுதம் வாங்கு, வெளியே போய்ச் சண்டையிடு என்ற வரிசையை வீட்டு கேம் பெட்டிக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்தியது இதுதான். பின்னால் வந்த பலவும் இதன் வழியில் நடந்தவை.

2. சுய்கோடென் (1995)

சீனத்தின் பழைய நாவலான 'வாட்டர் மார்ஜின்' கதையைத் தழுவியது. மொத்தம் 108 வீரர்களைத் தேடிச் சேர்க்க வேண்டும். 108 போற்றியும் 108 தேங்காயும் தெரிந்த நமக்கு அந்த எண் அந்நியமே இல்லை. ஒருவரைத் தவறவிட்டாலும் கதையின் முடிவு மாறும் என்பதால், தாளில் பெயர்ப் பட்டியல் எழுதி வைத்து ஆடியவர்கள் உண்டு.

3. போக்கேமான் (1996)

ஜப்பானில் சிவப்பு, பச்சை என இரண்டு பதிப்புகளாக வந்தது. ஆங்கிலத்தில் சிவப்பும் நீலமும் 1998-இல் வந்தன. ஒரே பதிப்பை வைத்துக்கொண்டு எல்லா உயிரினங்களையும் பிடிக்க முடியாது. நண்பனின் கேம் பாயோடு கம்பி இணைத்துப் பரிமாற வேண்டும்.

4. டியாப்லோ (1996)

அமெரிக்காவின் பிளிஸ்ஸார்ட் நிறுவனம் ஆண்டின் கடைசி நாள்களில் வெளியிட்டது. தேவாலயத்துக்குக் கீழே அடுக்கடுக்காக இறங்கும் பாதாளம், ஒவ்வொரு முறையும் மாறும் வழிகள். 2000-இல் வந்த இரண்டாம் பாகம் சைபர் காஃபேக்களில் இன்னும் அதிகமாக ஓடியது.

5. ஃபைனல் ஃபேன்டஸி 7 (1997)

மூன்று குறுந்தட்டுகள் கொண்ட பெருங்கதை. முதல் தட்டின் முடிவில் ஏரித் என்ற பெண் கொல்லப்படும் காட்சி பலரை அழவைத்தது. எந்த மருந்து கொடுத்தாலும் அவள் மீளவில்லை. இந்தக் கேம் வரிசையில் 'சிவா' என்ற பெயரில் பனியை ஏவும் தெய்வம் வரும். ஆனால், அது பெண்! அதைப் பார்த்துத் திகைக்காத தோட்டத்துப் பிள்ளை இருக்க முடியாது.

6. ராக்னரோக் ஆன்லைன் (2002)

கொரியாவிலிருந்து வந்த இணைய விளையாட்டு. சைபர் காஃபேயில் மணிக்குக் காசு கட்டி, 'புரோண்டேரா' நகரில் கடை விரித்து உட்கார்ந்தவர்கள் ஏராளம். மலாய், சீன நண்பர்களோடு ஒரே குழுவில் சண்டையிட்ட முதல் அனுபவம் பலருக்கு இதுதான்.

சொல்லிக் கொடுத்த ஆங்கிலம்

இவற்றில் எதுவும் தமிழில் வந்ததில்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. ஆனால், ஊர்ப் பெரியவர் சொல்வது புரியாவிட்டால் அடுத்த குகைக்கு வழி தெரியாது. 'பாய்சன்', 'ஆர்மர்', 'இன்வென்டரி' போன்ற சொற்களை நான் வகுப்பில் படிக்கவில்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனோடு ஆடியபோதுதான் கற்றேன். 'கேம் ஆடிக் கெட்டுப் போகாதே' என்று திட்டிய அப்பாவுக்கு, என் ஆங்கிலப் புள்ளி ஏன் ஏறியது என்று கடைசிவரை தெரியாது.

அந்தக் காலத்தில் பாசார் மாலாமில் சில வெள்ளிக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கள்ளப் பிரதிகள் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. மெமரி கார்டு வாங்க முடியாதவர்கள் டிவியை மட்டும் அணைத்து, பெட்டியை ஓடவிட்டுத் தூங்கினார்கள். நடுவில் மின்சாரம் போனால் இரண்டு நாள் உழைப்பும் போயிற்று.

பழைய பெட்டி இருந்தால்

தோட்டத்திலிருந்து தாமானுக்கு வீடு மாறியபோது பலருடைய பெட்டிகள் குப்பைக்குப் போயின. இன்னும் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

- பிளேஸ்டேஷன் மெமரி கார்டில் பேட்டரி கிடையாது. எனவே, பழைய பதிவு இன்னும் உள்ளே இருக்க வாய்ப்புண்டு. எறிந்துவிடாதீர்கள்.

- பழைய கேம் பாய் போக்கேமான் அட்டையில் சிறு பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்தால் பதிவு அழிந்துவிடும். பேட்டரியைக் கழற்றினாலும் அழியும். மாற்றுவதற்கு முன் யோசியுங்கள்.

- முறையாக வாங்கி ஆட விரும்பினால், ஃபைனல் ஃபேன்டஸி 7 கணினியிலும் கைப்பேசியிலும் கிடைக்கிறது. சுய்கோடென் முதல் இரண்டு பாகங்களும் 2025 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்டு வந்துள்ளன.

அன்று ஆடியவர்கள் இன்று பெற்றோர். பிள்ளை கைப்பேசியில் மூழ்கியிருப்பதைக் கண்டு கவலைப்படுவோர், இந்த ஆறில் ஒன்றை வாங்கி உடன் உட்காரலாம். திரையில் வரும் வரிகளைப் பிள்ளை உரக்க வாசிக்கட்டும். பொருளை நீங்கள் தமிழில் சொல்லுங்கள். அன்று நமக்கு அண்ணன்மார் செய்தது அதைத்தான்.