முத்தம்மாவுக்கு ப்ரமோஷன் மறுக்கப்பட்ட கதை

அப்ரைசல் லெட்டர் வந்து பத்து நாள் ஆச்சு மக்களே. இந்தத் தடவை எனக்கு ப்ரமோஷன். வீட்ல அம்மா பாயசம் வச்சாங்க. நண்பர்களுக்கு ட்ரீட் கொடுத்ததுல பர்ஸ் காலி. ஆனா சந்தோஷமா இருக்கியான்னு யாராவது கேட்டா, முழுசா ஆமான்னு சொல்ல முடியலை.

காரணம், எங்க டீம்ல இருக்கற ஒரு அக்கா. நான் இன்ஜினியரிங் முடிச்சுட்டுத் திருதிருன்னு முழிச்சுக்கிட்டு வந்தப்ப, எனக்கு ஆணி பிடுங்கக் கத்துக்கொடுத்ததே அவங்கதான். அவங்களுக்கு ப்ரமோஷன் கைநழுவிப் போறது இது மூணாவது தடவை. முதல் வருஷம் "அடுத்த சைக்கிள்ல பார்க்கலாம்". ரெண்டாவது வருஷம் பிரசவ விடுப்புல போயிட்டு வந்தாங்க, "பாதி வருஷம்தானே வேலை பார்த்தீங்க". இந்த வருஷம் "விசிபிலிட்டி பத்தலை". எங்க டேமேஜர் கெட்டவர் இல்லை. வேணும்னே பண்ணினார்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. பண்ணலைன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது.

கேண்டீன்ல அக்கா சொன்னாங்க: "உன் மேல கோபம் எல்லாம் இல்லடா. நான் நிஜமாவே சரியா வேலை பார்க்கலையா, இல்ல வேற காரணமான்னு தெரிஞ்சாப் போதும். அது தெரியாம இருக்கறதுதான் தூங்க விடமாட்டேங்குது."

இதே கேள்வியை 1979ல் ஒரு பெண்மணி உச்ச நீதிமன்றம் வரைக்கும் கொண்டு போனார். வழக்கமா இங்கே பழைய கதை எழுதுறவன்தானே நான், அதனால அதையே இன்னிக்கு எழுதிடறேன்.

அவர் பெயர் சி.பி. முத்தம்மா. 1924ல் குடகு மாவட்டம் விராஜ்பேட்டையில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்தவர். மடிக்கேரியில் பள்ளிப்படிப்பு. அப்புறம் நம்ம சென்னைக்கு வந்து கிறிஸ்தவ மகளிர் கல்லூரியில் பட்டம், மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. 1948ல் மத்திய அரசின் குடிமைப் பணித் தேர்வில் தேறினார். 1949ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அந்தப் பணிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

உள்ளே நுழையறதே லேசா இருக்கலை. நேர்முகத் தேர்விலேயே தேர்வாணையத் தலைவர், "வெளியுறவுப் பணி உனக்கு வேண்டாம்மா" என்கிற மாதிரி மனசை மாத்தப் பார்த்தார் என்று முத்தம்மா பின்னாளில் தன் மனுவில் எழுதினார். வேலையில் சேரும்போது ஒரு உறுதிமொழியும் வாங்கிக்கொண்டார்கள். கல்யாணம் செய்துகொண்டால் வேலையை ராஜினாமா செய்துவிட வேண்டும். கூடச் சேர்ந்த ஆண்களுக்கு இப்படி ஒரு காகிதம் கிடையாது.

இங்கே ஒரு வேடிக்கை. இரண்டு வருஷம் கழித்து, 1951ல், அன்னா ராஜம் ஜார்ஜ் ஐ.ஏ.எஸ். நேர்முகத்துக்குப் போனார். பின்னாளில் அன்னா ராஜம் மல்ஹோத்ரா என்று அறியப்பட்டவர். "ஐ.ஏ.எஸ். எதுக்கு, பெண்களுக்கு வெளியுறவுப் பணிதான் ஒத்து வரும்" என்று அவரிடம் சொல்லிப் பார்த்தார்கள். அவர் ஒத்துக்கொள்ளாமல் சென்னை மாகாணத்துக்கே ஐ.ஏ.எஸ். அதிகாரியாக வந்து, ஓசூரில் சப் கலெக்டராகவும் இருந்தார். வெளியுறவுக்குப் போனவரிடம் வெளியுறவு வேண்டாம், நிர்வாகத்துக்குப் போனவரிடம் வெளியுறவுதான் சரி! எந்தக் கதவைத் தட்டினாலும் பக்கத்துக் கதவைக் காட்டுவாங்க போல.

சரி, முத்தம்மா சேர்ந்தது 1949. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. அதில் 14, 15, 16ஆம் பிரிவுகள் இருக்கின்றன. சட்டத்தின் முன் எல்லாரும் சமம், ஆண் பெண் என்று அரசு பாகுபாடு காட்டக் கூடாது, அரசு வேலையில் சம வாய்ப்பு. இதுக்கு அப்புறமாவது அந்தக் கல்யாணக் காகிதம் குப்பைக்குப் போயிருக்கும்னு நினைப்போம் இல்லையா? நடந்தது தலைகீழ். அரசியல் சட்டம் வந்து பதினொரு வருஷம் கழித்து, 1961ல், அதையே முறையான விதியாக எழுதி வைத்தார்கள்.

ஒரு விதி: வெளியுறவுப் பணியில் இருக்கும் பெண் கல்யாணத்துக்கு முன்னால் அரசிடம் எழுத்து மூலமாக அனுமதி வாங்க வேண்டும். குடும்பப் பொறுப்புகள் வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு நினைத்தால், கல்யாணத்துக்கு அப்புறம் எப்போது வேண்டுமானாலும் ராஜினாமா செய்யச் சொல்லலாம். இன்னொரு விதி: கல்யாணமான பெண் இந்தப் பணியில் நியமனத்தை உரிமையாகக் கேட்க முடியாது.

இதை நம்ம ஊர் ஆட்களோட தனிக் கண்டுபிடிப்புன்னு சொல்ல முடியாது. பிரிட்டனில் உள்நாட்டு அரசுப் பணியில் கல்யாணத் தடையை 1946ல் நீக்கியவர்கள்கூட, வெளியுறவுத் துறையில் மட்டும் 1970கள் வரை பிடித்து வைத்திருந்தார்கள். அவங்க விட்டுட்டுப் போன சட்டையைத்தான் நாம் துவைச்சுப் போட்டுக்கிட்டோம்.

முத்தம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாரிஸ், ரங்கூன், லண்டன் என்று வேலை பார்த்தார். 1970ல் ஹங்கேரிக்குத் தூதராகப் போனார். அதுக்கு முன்னாடியே விஜயலட்சுமி பண்டிட் மாஸ்கோவில் தூதராக இருந்திருக்கிறார், ஆனால் அது அரசியல் நியமனம். தேர்வு எழுதி உள்ளே வந்து, படிப்படியாக ஏறித் தூதரான முதல் பெண் முத்தம்மாதான். அடுத்து கானா.

இத்தனைக்கும் அப்புறம், முதல் கிரேடுக்குப் பதவி உயர்வு என்று வந்தபோது அவர் பெயர் விட்டுப் போனது. சொன்ன காரணம்: போதுமான தகுதி இல்லை.

கிட்டத்தட்ட முப்பது வருஷ சர்வீஸ். இரண்டு நாடுகளுக்குத் தூதர். தகுதி இல்லை!

இந்த 'தகுதி' இருக்கே, அதுதான் சூட்சுமம். "நீ பெண், அதனால கிடையாது"ன்னு எழுதினா கோர்ட்டுக்குப் போகலாம். "தகுதி பத்தலை"ன்னு சொன்னா எங்கே போறது? எந்த அளவுகோல், யார் அளந்தாங்க, என்ன குறைஞ்சுதுன்னு கேட்டா பதில் வராது. வாங்கிக்கிட்டவங்களுக்கு ராத்திரியில அவங்க மேலேயே சந்தேகம் வரும். அக்கா சொன்ன மாதிரி.

முத்தம்மா கோர்ட்டுக்குப் போனார். பதவியில் இருந்துகொண்டே மத்திய அரசு மேல் உச்ச நீதிமன்றத்தில் மனு. "இந்தத் தடவை தப்பு நடந்துடுச்சு" என்று மட்டும் அவர் சொல்லவில்லை. நேர்முகத் தேர்வில் ஆரம்பித்து, உறுதிமொழி, 1961 விதிகள், பதவி உயர்வு மறுப்பு வரைக்கும் ஒரே கோட்டில் அடுக்கினார். பதவி உயர்வைத் தீர்மானிக்கிறவர்களுக்குப் பெண்கள் என்றாலே ஒரு முன்முடிவு இருக்கிறது என்று சொன்னார். தனித்தனியா பார்த்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு சமாதானம் இருக்கும். வரிசையா வச்சுப் பார்த்தாதான் உருவம் தெரியும்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அரசு அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது! சில மாசம் முன்னாடி தகுதி பத்தாதவர், இப்போ தகுதியானவர் ஆகிட்டார். நெதர்லாந்தில் தி ஹேக் நகருக்குத் தூதர் பதவியும் வந்தது. விதிகளைப் பற்றிக் கேட்டால், ஒன்றை ஏற்கெனவே எடுத்துவிட்டோம், இன்னொன்றையும் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று பதில்.

1979 செப்டம்பரில் தீர்ப்பு. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதியது. மனு போட்ட பிறகு பதவி உயர்வு வந்திருக்கிறதே, மனுவினால்தான் வந்ததா என்று ஒரு குத்துக் குத்திவிட்டு, நியாயம் கிடைத்தாச்சு, இனி அதைத் துருவ வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஆனால் அந்த விதிகளை விடவில்லை. குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்றால் அது ஆணுக்கும்தானே இடைஞ்சல், பெண்ணுக்கு மட்டும் ஏன் அனுமதிச் சீட்டு என்று கேட்டார். யாராவது மனுப் போடட்டும் என்று காத்திருக்காமல் எல்லா அரசுப் பணி விதிகளையும் அலசி, இந்தக் கறையை நீக்க வேண்டும் என்றார். மனுவைத் தள்ளுபடி செய்கிறோம், பிரச்சினையை அல்ல என்கிற பொருளில் முடித்தார்.

நிறைய பேர் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திடறாங்க. எனக்கு இதுக்கு அப்புறம்தான் உறுத்த ஆரம்பிச்சுது.

பதவி உயர்வு கிடைத்த பிறகும் முத்தம்மாவுக்கு ஒரு குறை பாக்கி இருந்தது. முதல் தடவை மறுத்ததற்கும் இரண்டாவது தடவை கொடுத்ததற்கும் நடுவில் இருந்த சில மாதங்களில், அவருக்கு ஜூனியர்களாக இருந்த சிலர் மேலே போய்விட்டார்கள். லேட்டா கொடுத்தா கொடுத்த மாதிரி ஆயிடாது. பணிமூப்பு வரிசையில் அந்த இடம் போனா போனதுதான். அந்தக் குறையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த இடைவெளியில் மேலே போன ஜூனியர்களோடு ஒப்பிட்டு, அவருடைய பணிமூப்பை அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டது.

அந்த ஜூனியர்கள் ஏதாவது தப்பு பண்ணினாங்களா? ஆர்டர் வந்துது, மேலே போனாங்க. அவ்வளவுதான். என்னை மாதிரி.

முத்தம்மா 1982ல் ஓய்வு பெற்றார். 2001ல் சோகிலா ஐயர் முதல் பெண் வெளியுறவுச் செயலாளர் ஆனார். 2009 ஆகஸ்டில் நிருபமா ராவ் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அதே வருஷம் அக்டோபரில் பெங்களூரில் முத்தம்மா காலமானார், 85 வயதில். தனக்குப் பின்னால் வந்தவர்கள் எதுவரைக்கும் போனார்கள் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஆனா ஒரு வழக்கோட எல்லாம் சரியாயிடலை. 1981ல் ஏர் இந்தியா பணிப்பெண்கள் வழக்கில், முதல் கர்ப்பத்திலேயே வேலையை விட்டு அனுப்பும் விதியை ரத்து செய்த அதே உச்ச நீதிமன்றம், சேர்ந்த நாலு வருஷத்துக்குள்ள கல்யாணம் கூடாது என்ற விதியை ஏற்றுக்கொண்டது. 2017ல் பிரசவ விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனா "பாதி வருஷம்தானே வேலை பார்த்தீங்க"ன்னு ஒருத்தர் மனசுக்குள்ள கழிச்சுக்கறதை எந்தச் சட்டத்தால பிடிக்க முடியும்? 1961ல அது எழுத்துல இருந்துது, ஒருத்தர் கையில எடுத்துக் காட்ட முடிஞ்சுது. இப்போ எழுத்துல எதுவும் இல்லை. மிச்சம் இருக்கறது சந்தேகம் மட்டும்தான், அதையும் தூக்கிச் சுமக்கறது விடுபட்டவங்கதான்.

இப்போ ஒரு உண்மையைச் சொல்லிடறேன். என் அப்ரைசல் ஃபார்ம்ல முதல் சாதனையா நான் எழுதினது ஒரு டேட்டாபேஸ் மாத்தற வேலை. அதோட டிசைன் மொத்தமும் அக்காவோடது. அவங்க விடுப்புல போனதும் மிச்சத்தை நான் முடிச்சேன், என் பேர்ல போச்சு. பொய் எழுதலை. முழுசாவும் எழுதலை.

நேத்து டேமேஜருக்கும் ஹெச்.ஆருக்கும் ஒரு மெயில் அனுப்பிட்டேன். எந்த டிசைன், எந்தத் தேதி, யார் போட்டதுன்னு வரிசையா. அக்காவும் தனியா ஒரு மெயில் போட்டிருக்காங்க: மூணு வருஷமும் என்ன குறைஞ்சுதுன்னு எழுத்துல கொடுங்கன்னு. கோர்ட் கேஸ் எல்லாம் இல்லை, அவ்வளவுதான் கேட்டிருக்காங்க. இன்னும் பதில் வரலை. வந்தாலும் வராட்டியும், அந்தச் சந்தேகத்தை இனிமே அவங்க ஒருத்தரே சுமக்க வேண்டியதில்லை.

டிஸ்கி: அக்காகிட்ட படிச்சுக் காட்டி, சரின்னு சொன்ன அப்புறம்தான் போடறேன். "முத்தம்மா அளவுக்கு எல்லாம் நான் பெரிய ஆள் இல்லடா"ன்னாங்க. உங்க ஆபீஸ்ல உங்களுக்கு முன்னாடி இப்படி விடுபட்டுப் போனவங்க யாராவது இருந்தா, பேர் சொல்லாம பின்னூட்டத்துல எழுதுங்க.