ஆதுலர் சாலை முதல் நம் மாடிப்படி வரை: முதலுதவிப் பெட்டியின் கதை



வரும் பொதுக்குழுவில் பிளாக்குக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வைப்பது பற்றிப் பேச இருக்கிறோம். "108-ஐக் கூப்பிட்டால் வந்துவிடுகிறது, எதற்கு இந்தச் செலவு?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடிப் போனதில் எனக்கு ஒரு நல்ல வரலாறு கிடைத்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நான் மருத்துவம் படித்தவன் அல்ல. பி.காம். முடித்து, வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். அதனால் இதையும் ஒரு இருப்புப் பதிவேட்டைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்திருக்கிறேன்.

வீரராஜேந்திரனின் மருந்து இருப்பு

என் சொந்த ஊர் ஆண்டிமடம். அங்கிருந்து ஜெயங்கொண்டம் வழியாகப் போனால் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவர் மகன்களில் ஒருவர் வீரராஜேந்திரர், 1063 முதல் 1070 வரை ஆண்டவர். காஞ்சிபுரத்துக்கு அருகே பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயில் சுவரில் அவர் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலைச் சார்ந்து ஒரு பாடசாலை, மாணவர் விடுதி, அவற்றோடு ஒரு மருத்துவமனை நடந்த விவரத்தை அது சொல்கிறது. மருத்துவமனைக்கு அன்றைய பெயர் ஆதுலர் சாலை. ஆதுலர் என்றால் நோயாளிகள்.

அந்தச் சாலையில் 15 படுக்கைகள். வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை வைத்தியம் செய்பவருக்கு 30 கலம் நெல். மூலிகை கொண்டுவந்து மருந்து செய்ய ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், ஒரு நாவிதர் என்று சம்பளப் பட்டியல் நீள்கிறது. இதைவிட என்னை ஈர்த்தது அடுத்து வரும் பகுதி. ஓராண்டுக்கு இருப்பில் வைத்திருக்க வேண்டிய மருந்துகள் பெயர் பெயராக வெட்டப்பட்டிருக்கின்றன. வாசாஹரீதகி, தசமூலஹரீதகி, பல்லாதகஹரீதகி, பில்வாதி கிருதம், வஜ்ரகல்பம், கல்யாண லவணம் என்று ஏறத்தாழ இருபது மருந்துகள்.

கவனியுங்கள். நோய் வந்த பிறகு மருந்து தேடுவது என்ற பேச்சே அங்கில்லை. என்ன இருக்க வேண்டும், யார் பொறுப்பு, அதற்கு வருமானம் எங்கிருந்து என்ற மூன்றையும் முதலிலேயே கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள். ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முந்தைய இருப்புப் பதிவேடு அது.

பட்டியலில் வரும் பல்லாதகம் என்பது நம் சேராங்கொட்டை. இன்று ஆண்டிமடம் வட்டாரம் முழுக்கக் காணும் முந்திரியும் அதே குடும்பத்துச் செடிதான். போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. இரண்டின் கொட்டைத் தோலிலும் உள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்து புண்ணாகிவிடும். முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எண்ணெய் பட்டால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். அந்த ஊருக்கு அதுவே முதல் பாடம்.

அஞ்சறைப்பெட்டியும் தைல டப்பாவும்

நம் வீடுகளில் முதலுதவிப் பெட்டி என்று தனியாக எதுவும் இருந்ததில்லை. அஞ்சறைப்பெட்டிதான் அது. மஞ்சள், ஓமம், சுக்கு, மிளகு, பக்கத்தில் ஒரு வசம்பு. பிறகு தைலங்கள் சேர்ந்தன. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன் சென்னைக்கு வந்து, தமிழ்நாட்டு வீடுகளில் மஞ்சள் டப்பாவாக நிலைத்தது. சிங்கப்பூரில் 1928-ல் பிறந்த கோடாலித் தைலம், அங்கே வேலைக்குப் போனவர்களின் பெட்டியில் ஊருக்கு வந்தது. தலைவலிக்கும் சளிக்கும் இவை போதும். ரத்தம் கொட்டும்போது போதாது.

போர்க்களத்தில் பிறந்த கட்டுத்துணி

இன்று நாம் முதலுதவி என்று சொல்வது போர்க்களத்தில் உருவானது. 1859-ல் இத்தாலியில் சோல்ஃபெரினோ என்ற இடத்தில் நடந்த போருக்குப் பின் ஆயிரக்கணக்கானோர் கவனிப்பாரின்றிக் கிடந்ததை ஹென்றி டூனான் என்ற சுவிஸ் வணிகர் பார்த்தார். சுற்றுப்பட்ட கிராமத்து மக்களைத் திரட்டி, எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று பாராமல் உதவினார். அதிலிருந்து 1863-ல் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் 1920-ல் சட்டப்படி அமைந்தது.

ஜெர்மனியில் எஸ்மார்க் என்ற அறுவை மருத்துவர் முக்கோணக் கட்டுத்துணியைப் படைவீரர்களிடையே பரப்பினார். அதில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. எப்படிக் கட்ட வேண்டும் என்ற படங்களைத் துணியிலேயே அச்சடித்துவிட்டார். படிக்காத சிப்பாயும் பார்த்துக் கட்டலாம். இங்கிலாந்தில் பீட்டர் ஷெப்பர்ட் என்ற ராணுவ மருத்துவர் 1878-ல் வுல்விச் நகரில் சாதாரண மக்களுக்கு முதலுதவி வகுப்பு நடத்தினார். மறு ஆண்டே ஆப்பிரிக்காவில் ஜூலு போரில், காயம்பட்டவர்களைக் கவனிக்கப் போன இடத்தில் உயிரிழந்தார். அவர் தொடங்கிய வகுப்புகள் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் மூலம் உலகெங்கும் பரவின. நம் நாட்டிலும் இன்றுவரை நடக்கின்றன.

ரயில் கொடுத்த பெட்டி

பெட்டி என்ற வடிவம் கிடைத்தது ரயிலால். அமெரிக்காவில் மலைகளுக்கும் பாலைகளுக்கும் நடுவே தண்டவாளம் போட்ட தொழிலாளர்களுக்கு அடிபட்டால், மருத்துவர் பல மைல் தள்ளி இருப்பார். ராபர்ட் உட் ஜான்சன் என்ற தொழிலதிபர் ஒரு பயணத்தில் ரயில்வே மருத்துவர் ஒருவரோடு பேசியபோது இந்தக் குறையைக் கேட்டறிந்தார். 1888-ல் அவருடைய ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் முதலுதவிப் பெட்டிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1920-ல் அதே நிறுவனத்தின் ஊழியர் ஏர்ல் டிக்சன், சமையலில் அடிக்கடி விரலை வெட்டிக்கொள்ளும் மனைவிக்காக ஒட்டும் பட்டையில் காஸ் துணி வைத்துப் பார்த்தார். நாம் எந்த பிளாஸ்டரையும் "பேண்ட் எய்ட்" என்றே அழைக்கிறோமே, அது அப்படி வந்தது.

ரயில் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு நாளை மறக்க முடியாது. 1956 நவம்பர் 23. சென்னையிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் அரியலூரைத் தாண்டியது. மழை வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் பலவீனப்பட்டிருந்தது. என்ஜினும் பல பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். வரலாற்றுப் புத்தகங்கள் அந்தப் பதவி விலகலைச் சொல்லும். முதலுதவி பற்றி நினைப்பவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இருட்டு, வெள்ளம், ஊருக்கு வெளியே ஓர் ஆறு. இப்படிப்பட்ட இடத்தில் உதவி எங்கிருந்து புறப்பட்டாலும் வந்துசேர நேரம் ஆகும். அதுவரை அருகில் இருக்கும் மனிதர்தான் மருத்துவர்.

150 பேருக்கு ஒரு பெட்டி

சுதந்திரம் வந்ததும் 1948-ல் தொழிற்சாலைகள் சட்டம் வந்தது. அதன் 45-வது பிரிவை ஒரு முறை படித்துப் பாருங்கள். 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது இருக்க வேண்டியிருந்தது. அதில் குறித்த பொருள்களைத் தவிர வேறெதுவும் வைக்கக் கூடாது என்றிருந்தது. முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் பொறுப்பில் அது இருக்க வேண்டியிருந்தது. வேலை நேரம் முழுவதும் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டியிருந்தது. அரியலூர் சிமென்ட் ஆலைகள் போன்ற இடங்களுக்கெல்லாம் இதுதான் அளவுகோலாக இருந்தது. கல்வெட்டிலும் சட்டத்திலும் ஒரே விஷயம்தான் இருக்கிறது: பொருள், ஆள், பொறுப்பு.

அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இந்தச் சட்டம் பொருந்தியதில்லை. ஆனால் கணக்கு பொருந்தும். நம் நான்கு பிளாக்குகளிலும் சேர்த்து 150 பேருக்கு மேல் இருக்கிறோம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழும் பெரியவர்கள் அதில் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். போன கார்த்திகையில் காவலாளியின் கை கண்ணாடியில் கிழிந்தது. அலுவலக அறையில் பெட்டி இருந்தது. அறை பூட்டியிருந்தது. சாவி வந்து திறந்தால், உள்ளே காலாவதியான மருந்தும் காய்ந்துபோன பிளாஸ்டரும். நல்லவேளையாக இரண்டாம் மாடி அம்மா சுத்தமான துண்டால் கையை அழுத்திப் பிடித்தபடியே ஆஸ்பத்திரிவரை கூடப் போனார். அவரைத்தான் அன்று நம் முதலுதவிப் பெட்டி என்று சொல்ல வேண்டும்.

பெட்டிக்குள் அடங்கியதும் அடங்காததும்

பெட்டியில் மிக மலிவான பொருளுக்குத்தான் பெரிய வரலாறு. 1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லையோர போன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. திலீப் மஹலநபிஸ் என்ற மருத்துவர் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று பொட்டலம் கட்டி, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். முப்பது சதவீதம் அளவில் இருந்த சாவு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அந்த முறைதான் இன்று நாம் சில ரூபாய்க்கு வாங்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். அவருக்கு மறைவுக்குப் பின் 2023-ல் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது.

எந்தப் பெட்டியிலும் அடங்காதது பாம்புக்கடி. ஊருக்குப் போய் முந்திரித் தோப்பில் நடப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். பழைய நாளில் "தஞ்சாவூர் மாத்திரை" என்று விஷக்கடிக்கு ஒரு மருந்து புகழ்பெற்றிருந்தது. பாஷாணமும் பாதரசமும் சேர்ந்தது. 1796-ல் சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகள் பற்றி நூல் வெளியிட்ட பேட்ரிக் ரஸ்ஸல் அதைச் சோதித்துப் பார்த்தவர். 1872-ல் ஜோசப் ஃபேரர் இந்தியப் பாம்புகள் பற்றிய தம் பெரிய நூலில், தாம் சோதித்த எந்த மருந்தும் விஷத்தை முறிக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தார். 1890-களில் பிரெஞ்சு மருத்துவர் கால்மெட் விஷமுறிவு ஊசியை உருவாக்கிய பிறகுதான் வழி பிறந்தது. அந்த ஊசிக்குத் தேவையான விஷத்தை நம் நாட்டில் பெருமளவு சேகரித்துத் தருவது மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் அந்த ஊசி. அதை மருத்துவமனையில்தான் போட முடியும்.

ஆகவே கடித்த இடத்தைக் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். முன்பு எங்கள் ஊர்க்காரர்கள் பெரிய ஆஸ்பத்திரி என்றால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ ஓட வேண்டும். 2022 ஜனவரியில் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது. ஊசி இருக்கும் மருத்துவமனை எது என்பதை ஊருக்குப் போன முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பெட்டிக்கு ஒரு பட்டியல்

வீட்டுக்கும் பிளாக்குக்கும் ஒரே பட்டியல் போதும். பிளாக் பெட்டிக்கு அளவை மட்டும் கூட்டிக்கொள்ளலாம்.

- சுத்திகரித்த காஸ் துணி, பஞ்சு, ரோலர் பேண்டேஜ், க்ரேப் பேண்டேஜ்
- முக்கோணத் துணி இரண்டு
- பல அளவு பிளாஸ்டர், ஒட்டும் டேப்
- கையுறை நான்கு ஜோடி
- முனை மழுங்கிய கத்தரிக்கோல், முள்வாங்கி, தெர்மாமீட்டர்
- போவிடோன் அயோடின் களிம்பு
- ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆறு
- பாரசிட்டமால் ஓர் அட்டை
- டார்ச், ஒரு சின்ன நோட்டு, பேனா

ஊருக்குப் போகும்போது உங்கள் சர்க்கரை, ரத்த அழுத்த, இதய மாத்திரைகளைப் போகும் நாள்களைவிட ஒரு வாரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டின் நகல் ஒன்றும் கூடவே இருக்கட்டும். சுட்ட இடத்தில் பேஸ்ட், இங்க், மாவு எதுவும் தடவ வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள்.

108-ஐ நான் குறைத்துச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் அது 2008 செப்டம்பரில் வந்தபின் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கின்றன. எதுவாக இருந்தாலும் முதலில் 108-ஐ அழைத்துவிட வேண்டும். வண்டி வரும்வரை உள்ள சில நிமிடங்களுக்குத்தான் பெட்டி. விபத்தில் உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயமும் வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது.

என் யோசனை மூன்று. ஒன்று, பெட்டியைப் பூட்ட வேண்டாம். வங்கியில் பணப்பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் வந்தால்தான் திறக்கும். முதலுதவிப் பெட்டிக்கு விதி நேர்மாறு. ஒரு குழந்தை ஓடிவந்தாலும் திறக்க வேண்டும். இரண்டு, பிளாக்குக்கு இரண்டு பேர் செயின்ட் ஜான் அல்லது செஞ்சிலுவைப் பயிற்சி பெற வேண்டும். மூன்று, எடுத்தவர் நோட்டில் எழுத வேண்டும். இந்தச் செய்திமடல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது அல்லவா? அது வரும் வாரத்து ஞாயிறன்று இருப்பைச் சரிபார்த்து, காலாவதியானதை அகற்றி, குறைந்ததை நிரப்புவோம். முதலில் காலாவதியாவது முன் வரிசையில் இருக்கட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலையை ஓராண்டுக்கு நான் ஏற்றுக்கொள்கிறேன். என்னோடு இன்னொருவர் வேண்டும். பொதுக்குழுவில் பெயர் கொடுங்கள்.