பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் தொற்றுத் தடுப்பு

பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போது, மருத்துவமனைச் சூழலிலிருந்தே அவர்களுக்கு வரும் நோய்த்தொற்றுகளைத் தடுக்கும் நடைமுறைகளே தொற்றுத் தடுப்பு. செப்சிஸ் எனப்படும் ரத்தத்தொற்றும் வென்டிலேட்டரை ஒட்டி வரும் நிமோனியாவும் இத்தொற்றுகளில் முக்கியமானவை.

பிறந்து 72 மணி நேரத்துக்குப் பின் வரும் செப்சிஸே மருத்துவமனையில் தொற்றியது என்பது பாடநூல் கணக்கு. இந்தியாவில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்துவதில்லை. டெல்லியின் 3 மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வில், 72 மணி நேரத்துக்குள் வந்த தொற்றுகளிலும் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா போன்ற மருத்துவமனைக் கிருமிகளே மிகுதியாக இருந்தன. அவற்றில் பல, மருந்துகளுக்கு எளிதில் கட்டுப்படாதவை. ஆகவே தடுப்பைப் பிரசவ அறையிலேயே தொடங்க வேண்டும்.

தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்களில் பெரும்பகுதி, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் சிசுவைச் சேரும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அது முழுமையாகக் கிடைப்பதில்லை, தோலும் மெல்லியது. இந்த நிலையில் உடலுக்குள் செல்லும் ஒவ்வொரு குழாயும் கிருமிக்கு ஒரு வழி.

கைச்சுத்தமே தடுப்பின் அடிப்படை. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் இல்லாமல், முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டு உள்ளே வர வேண்டும். ஆல்கஹால் கரைசலாக இருந்தால் 20-30 விநாடி தேய்க்க வேண்டும். சோப்பு போட்டுக் கழுவினால் 40-60 விநாடி ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிரைவழிக் குழாயில் மருந்து ஏற்றும் செவிலியர் முதலில் கையைச் சுத்தம் செய்கிறார். பிறகு குழாயின் வாயை ஆல்கஹால் பஞ்சால் அழுத்தித் தேய்க்கிறார். அது காய்ந்த பிறகே சிரிஞ்சைப் பொருத்துகிறார். அவசரத்தில் முதலில் விடுபடுவது இந்தக் காயவிடும் நேரம்தான். குழாய் இன்னும் தேவையா என்று தினமும் கேட்டு, தேவையில்லை என்றால் அன்றே எடுத்துவிட வேண்டும்.

தண்ணீர்க் குழாயையும் நம்பிவிட முடியாது. 2011-12-இல் வட அயர்லாந்தில் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் சூடோமோனாஸ் கிருமி பரவிக் குழந்தைகள் இறந்தபோது, பெல்ஃபாஸ்ட் மருத்துவமனையின் கை கழுவும் தொட்டிக் குழாய்களிலேயே அக்கிருமி கண்டறியப்பட்டது.

தாய்ப்பாலுக்கு நிகரான தடுப்பு மருந்து இப்பிரிவில் இல்லை எனலாம். சீம்பாலில் தொடங்கி, எவ்வளவு சீக்கிரம் முழுத் தாய்ப்பாலுக்கு மாறுகிறதோ அவ்வளவு சீக்கிரம் குழந்தைக்குச் சிரைவழி ஊட்டத்தை நிறுத்திவிடலாம். மும்பை சயான் மருத்துவமனையில் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989-இல் தொடங்கிய தாய்ப்பால் வங்கி, பால் சுரக்காத தாய்மாரின் குழந்தைகளுக்கும் மனிதப்பால் கிடைக்க வழி செய்தது.

குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பும் தொற்றைத் தடுக்க உதவும்; அது கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978-இல் உருவானது. இந்தியா உள்ளிட்ட 5 நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், 1.8 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளைப் பிறந்தவுடனே தாயின் மார்போடு அணைத்து வைத்தபோது, 28 நாளுக்குள்ளான இறப்பு 25 விழுக்காடு குறைந்தது, செப்சிஸும் குறைந்தது. தொற்றுப் பயத்தால் தாயை வாசலில் நிறுத்தும் வழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. அதைக் கைவிட இதற்கு மேல் சான்று தேவையில்லை.

ஆன்டிபயாட்டிக்கைத் தேவையின்றி நீட்டித்தால் மருந்தை எதிர்க்கும் கிருமிகளும் பூஞ்சைத் தொற்றும் பெருகும். குழந்தை நலமாக இருந்து, ரத்தக் கல்ச்சரில் (கிருமி வளர்ப்புச் சோதனையில்) 36-48 மணி நேரம் வரை எதுவும் வளராவிட்டால் மருந்தை நிறுத்திவிடலாம்.

ஒரே வார்மரில் (வெப்பமூட்டும் படுக்கையில்) இரண்டு குழந்தைகள், ஒரு செவிலியரிடம் ஏழெட்டுக் குழந்தைகள் என்ற நிலையில் இவை எல்லாம் ஏட்டோடு நின்றுவிடும். விதியை மீறியதாகச் செவிலியரைக் குற்றம் சொல்வதற்கு முன், கை கழுவ அவருக்கு நேரம் இருந்ததா என்று நிர்வாகம் பார்க்க வேண்டும்.