தொட்டிக்குள் ஒரு பாலை

சங்கப் பாடல்களில் கள்ளி என்ற சொல்லைக் காணும் இன்றைய வாசகர், தம் மேசை மீதிருக்கும் உருண்டைச் செடியை மனதில் கொண்டுவிடக் கூடாது. பாலை வழியிலும் புறப்பாடல்களின் சுடுகாட்டிலும் நிற்கும் கள்ளி, கீறினால் பால் வடியும் நம் நாட்டுச் செடி. சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் அந்த இனத்தவை. காக்டஸ் எனப்படும் குடும்பமோ ஏறக்குறைய முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. மரத்தில் தொற்றி வளரும் ஒரே ஓர் இனம் மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகக் காணப்படுகிறது. 1492க்கு முன்பு தமிழ் நிலத்தில் சப்பாத்திக்கள்ளி கிடையாது. பால் வடியாத அந்தப் புதுவரவுக்கும் நாம் பழைய பெயரையே சூட்டிவிட்டோம்.

இது நம்முடைய அலட்சியம் மட்டுமல்ல. கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ் 'காக்டோஸ்' என்று குறித்தது சிசிலித் தீவின் ஒரு முட்செடியை. 1753இல் லின்னேயஸ் அந்தச் சொல்லை எடுத்து, கடல் கடந்து வந்த இந்தச் செடிகளுக்கெல்லாம் பொதுப்பெயராக்கினார். இரு நாகரிகங்களும் தமக்குத் தெரிந்த ஒரு முள்ளின் பெயரைத் தெரியாத ஒரு முள்ளுக்கு இரவல் கொடுத்தன. இக்கட்டுரையில் இனி கள்ளி என்று வருவதெல்லாம் அந்த அமெரிக்க விருந்தாளியே.

விருந்தாளி என்பதும் சரியான சொல்லா என்பது ஐயம்தான். வெப்பமண்டலச் செடிகளை உயிரோடு ஐரோப்பாவுக்குக் கொண்டு செல்வது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பெரும்பாடாக இருந்தது. உப்புக்காற்றிலும் நன்னீர்ப் பஞ்சத்திலும் பெரும்பாலானவை மாண்டன. கள்ளிக்கு இந்தத் தொல்லை இல்லை. தண்டிலே நீரைத் தேக்கிக்கொள்ளும். இலைகளைத் துறந்து முட்களாக்கிக்கொண்டது. பகலில் தன் துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் மட்டும் திறந்து காற்றை உள்ளிழுக்கும். மண்ணை உதறி, வேரோடு ஒரு பெட்டியில் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடந்து, கரை சேர்ந்தபின் மறுபடி வேர்விடும். வீட்டுச்செடியாக அதை ஆக்கிய இந்தப் பொறுமையே அதைக் கொள்ளைப்பொருளாகவும் ஆக்கியது என்பதுதான் கள்ளியின் வரலாறு என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் அது செல்வர்களின் பித்தாக இருந்தது. 1840களில் மெக்சிகோவிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு முந்நூறு கிலோவுக்கும் மேல் எடையுள்ள ஒரு பீப்பாய்க் கள்ளி வந்து சேர்ந்தது. எத்தனை தலைமுறைகளாக அது அந்தக் குன்றில் நின்றிருக்க வேண்டும்! அதே காலத்தில் கொச்சுபே என்ற ரஷ்யக் கோமகன் உள்ளங்கை அளவேயான ஒரு மெக்சிகோச் செடியைத் தன் எடைத் தங்கத்தைவிட அதிக விலைக்கு வாங்கினார் என்று கள்ளி நூல்கள் சலிக்காமல் சொல்கின்றன. அந்தச் செடியின் அறிவியல் பெயரில் அவர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறார். வீடுகளில் பொன்னிறப் பந்துபோல் நிற்கும் கள்ளிக்கு 1886இல் கிடைத்த பெயரும் இப்படிப்பட்டதே. ஹெர்மன் குருசோன் என்ற ஜெர்மானிய ஆலை அதிபரின் நினைவாக வந்தது அது. அவருடைய ஆலை கோட்டைகளுக்கான இரும்புக் கவசங்களை வார்த்தது. கவசம் செய்பவர் கவசமணிந்த செடியைச் சேகரித்தார். அவர் கொடையாக விட்டுச்சென்ற கண்ணாடிக் கூடங்கள் மாக்டபுர்க் நகரில் 1896 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன.

கோமகன்களிடமிருந்து குமாஸ்தாக்களிடம் கள்ளி இறங்கி வந்ததைக் காட்டும் ஆவணம் ஓர் ஓவியம். மூனிக் நகரத்துக் கார்ல் ஸ்பிட்ஸ்வெக், மருந்தாளுநராகப் பயின்று பின்னர் தூரிகை எடுத்தவர். கள்ளிப் பிரியரை அவர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரைந்திருக்கிறார். 1850 வாக்கில் வரைந்த ஒன்றில், ஜன்னலோரத் தொட்டிச் செடியின் முன் ஒரு முதிய அலுவலர் குனிந்து நிற்கிறார். செடியும் அவரை நோக்கி வளைந்திருக்கிறது. இதைக் கேலி என்று கடந்துவிடலாம். எனக்கு அதில் பரிவே தெரிகிறது. தோட்டமில்லாதவருக்கு, சம்பளம் குறைந்தவருக்கு, பகலெல்லாம் கோப்புகளோடு கிடப்பவருக்கு உகந்த உயிர் அது. கணப்பினால் வறண்டுபோன அறையில் பிற செடிகள் வாடுகையில் இது தாக்குப்பிடிக்கும். குளிர்காலம் முழுவதும் நீரின்றி உறங்கும். மறந்தாலும் மன்னிக்கும், அதிகம் கவனித்தால்தான் சாகும். செடி என்றால் தினமும் தண்ணீர் ஊற்றியாக வேண்டும் என்று வளர்ந்த நம் வீடுகளில் கள்ளிகள் அழுகிச் சாவது இதனால்தான்.

முதல் உலகப்போருக்குப் பின் இந்தப் பிரியம் ஜெர்மனியில் ஒரு பாணியாகவே ஆனது. கியார்க் ஷோல்ட்ஸின் 1923ஆம் ஆண்டு ஓவியத்தில் ஜன்னல் விளிம்பில் கள்ளித் தொட்டிகள்; வெளியே ரயில் பாதையின் கைகாட்டிகள். இரண்டும் ஒரே விறைப்போடு நிற்கின்றன. அலங்காரங்களை வெறுத்த அந்தத் தலைமுறைக்கு இதன் வடிவ ஒழுங்கு பிடித்திருந்தது போலும். செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1929இல் வெளியிட்ட தோட்டக்கலை நூலில் கள்ளி வளர்ப்போருக்கெனத் தனியாக ஒரு பகுதியே உண்டு. அவர்களை ஒரு மதப்பிரிவினரைப் போலவே பார்க்கிறார்.

நம் பக்கம் கதை வேறு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்றை அமைத்தார். அழகுக்காக அல்ல, கள்ளியை உண்ணும் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுப்பதற்காக. 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்த பூச்சி தவறான இனமாகப் போயிற்று. நல்ல சாயம் தரவில்லை, கள்ளியை மட்டும் தின்று தீர்த்தது. பின்னர் 1836க்கும் 1838க்கும் இடையே அதே பூச்சியைத் தென்னிந்தியாவில் வேண்டுமென்றே விட்டுக் கள்ளிக் காடுகளை அழித்தார்கள். களையை ஒழிக்கப் பூச்சியை ஏவியதில் உலகின் முதல் முயற்சி அதுவே என்பார்கள். ஆக, மூனிக்கில் அலுவலர் ஜன்னலோரம் குனிந்து நின்ற காலத்தில் நமக்கு அது வேலியும் களையும்தான். முள் வீட்டுக்கு ஆகாது என்ற நம்பிக்கை வேறு. நம் ஜன்னல்களுக்கு அது பிந்தி வந்ததில் வியப்பில்லை.

ஐரோப்பிய ஜன்னல்களுக்கான விலையை மெக்சிகோவும் சிலியும் கொடுத்தன. குருசோனின் பொன்பந்து விதையிலிருந்து பெருமளவில் வளர்க்கப்பட்டு உலகெங்கும் விற்கிறது. அதன் தாயகமான மெக்சிகோப் பள்ளத்தாக்கிலோ, ஆட்கள் தோண்டிச் சென்றது போக எஞ்சியதில் ஒரு பகுதியை 1990களில் கட்டிய சிமாபான் அணையின் நீர் மூடியது. 1975இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் கள்ளிக் குடும்பம் ஏறத்தாழ முழுமையாகக் கொண்டுவரப்பட்டது. அப்படியிருந்தும் 2015இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு, 31 விழுக்காடு கள்ளி இனங்கள் அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. 2020இல் இத்தாலியில் ஒரு வீட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளிகளைக் காவல்துறை கைப்பற்றியது. அவற்றில் பெரும்பாலானவை சிலியின் அட்டகாமா பாலையில் மட்டுமே விளையும் கோப்பியாப்போவா இனத்தவை. மண்ணின்றி, நீரின்றி, பெட்டிகளில் வந்தவை. பதினெட்டாம் நூற்றாண்டுக் கப்பலில் வந்ததைப் போலவேதான். மறு ஆண்டில் எண்ணூறுக்கும் மேற்பட்டவை சிலிக்குத் திருப்பி அனுப்பப்பட்டன.

வாங்குவோர் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியது ஒன்று உண்டு. நாற்றங்காலில் விதையிலிருந்து வளர்ந்த கள்ளி பெரும்பாலும் சீரான உருண்டையாக, பளிச்சென்ற தோலோடு, ஒரே அளவுள்ள தன் கூட்டாளிகளோடு இருக்கும். காட்டிலிருந்து பெயர்த்தது கோணலாக, அடியில் தக்கை பாய்ந்து, பூச்சி கடித்த தழும்பும் வெயில் சுட்ட வடுவுமாக இருக்கும். சேகரிப்பவர்கள் அந்தத் தழும்புகளுக்குத்தான் அதிக விலை கொடுக்கிறார்கள்.