மூணாறு – உடுமலைப்பேட்டைச் சாலை: நீரின் திசையும் ஆட்சியின் எல்லையும்

கேரள மாநில நெடுஞ்சாலை 17, இடுக்கி மாவட்டத்து மூணாற்றில் தொடங்கி, தலையாறு, மறையூர் வழியாக இறங்கிச் சின்னாற்றில் மாநில எல்லையை அடைகிறது. அங்கிருந்து சாலை உடுமலைப்பேட்டைக்குச் செல்கிறது. இம்மலைப்பகுதிச் சாலைகளின் வரலாறு பெரும்பாலும் தேயிலைத் தோட்டங்களின் வரலாறாகவே எழுதப்பெற்றுள்ளது. மூணாற்றளவில் அது பொருந்தும். 1877இல் மன்றோ பூஞ்ஞாற்றுத் தலைவரிடம் நிலக்குத்தகை பெற்றதும், 1908இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் இருப்புப்பாதை ஓடியதும், 1924 பெருவெள்ளத்தில் அது அழிந்ததும், 1931இல் நேரியமங்கலம் வழி திறக்கப்பெற்றதும் தோட்டத் தொழிலோடு பிணைந்தவையே.

மறையூரின் கதை வேறு. முனியறைகள் எனப்படும் பெருங்கற்காலக் கல்லறைகள் இங்கு மிகுதி. மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி (போடிக்கு அருகிலுள்ள கொட்டகுடி வேறு) ஆகிய ஐந்தூர்களும் சேர்ந்ததே அஞ்சுநாடு. தம் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பது இவ்வூரார் வழக்கு. தமிழ்க் கிளைமொழி பேசும் இவர்கள் வேளாண் குடியினர். தோட்டத்திற்கு ஆள்கட்டி அழைத்துவரப்பெற்றோர் அல்லர்.

நில அமைப்பும் இவர்களைக் கிழக்கு நோக்கியே நிறுத்தியது. மூணாற்று நீர் முதிரப்புழை வழியே பெரியாற்றில் கலந்து மேற்கே செல்கிறது. சாலை நீர்பிரி மேட்டைக் கடந்தபின், பாம்பாறு கிழக்கே அமராவதிக்கும் அதன்வழிக் காவிரிக்கும் செல்கிறது. மழையும் அங்கே குறைந்துவிடுகிறது. சின்னாற்றுக் காடு முள்மரங்கள் மண்டிய மழைமறைவு நிலம். காந்தலூர்க் காய்கறிகள் தமிழகச் சந்தைகளுக்கு இறங்குவதில் வியப்பில்லை.

ஆட்சியெல்லை இந்நீர்பிரி மேட்டைப் பின்பற்றவில்லை. திருவிதாங்கூருக்கும் கோயம்புத்தூர் மாவட்டத்திற்கும் இடைப்பட்ட பழைய எல்லையே 1956இல் மாநில எல்லையாக நிலைத்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டுமெனத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரியது. மாநிலச் சீரமைப்பு ஆணையம் மொழிப் பெரும்பான்மையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளவில்லை. விவாதம் பெரிதும் தோட்டத் தொழிலாளரைச் சுற்றியே நிகழ்ந்தது. குடியேறிய தொழிலாளர், தொல்குடி உழவர் என்ற வேறுபாடு அதில் உரிய இடம் பெற்றதாகத் தோன்றவில்லை. தேவிகுளம் வட்டத்து அஞ்சுநாட்டைப் பொறுத்தவரை இது சிறு குறையன்று.

நீரைப் பொறுத்தவரை சிக்கல் பின்னரும் தொடர்ந்தது. 2007இல் காவிரி நடுவர் மன்றம் கேரளத்திற்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் 3 டி.எம்.சி. பாம்பாற்றுப் படுகைக்குரியது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அப்பங்கை மாற்றவில்லை.